பெட்டியை மூடினேன், படித்த வரியைக் காணோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணையதளத்தில் வந்த கட்டுரைத் தொடரின் இரண்டாம் பகுதியை என் ஐபோனில் படித்துக்கொண்டிருந்தேன். கட்டுரையில் குறை ஒன்றும் இல்லை, நன்றாகவே இருந்தது, அதனால்தான் இவ்வளவு எரிச்சல். முக்கால்வாசி தாண்டியிருப்பேன். திடீரென்று திரை மங்கி நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது, செய்திமடல் அனுப்புகிறோம், மின்னஞ்சலைத் தாருங்கள் என்று. மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டேன். பெட்டி போனது, கூடவே நான் படித்துக்கொண்டிருந்த இடமும் போனது. கண் முன்னால் தலைப்பும் படமும்தான் நின்றன. சரி என்று கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, எந்தப் பத்தியில் விட்டோம் என்று தேடிக்கொண்டே கீழே வந்தால், அதே இடத்தில் அதே பெட்டி. மூடினேன். மறுபடியும் தலைப்பு. மூன்றாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

உங்கள் தளத்தின் உதவி முகவரிக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது, அதற்கு நன்றி. ஆனால் பதிலில் இருந்தது இதுதான்: இணைய இணைப்பைச் சரிபாருங்கள், கேஷை, அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கிற பழைய பிரதிகளை, அழித்துப் பாருங்கள், முடிந்தால் வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள். முதல் இரண்டுக்கும் இந்த வியாதிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அது பதில் எழுதியவர் நினைத்த உண்மை அல்ல. நான் பிழைப்புக்கு வலைப்பக்கங்கள் செய்கிறவன். இந்தப் பெட்டி விவகாரத்தில் பல வருஷமாக அடிபட்டவன், அடி கொடுத்தவனும்கூட. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வெட்ட வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப் பக்கம் குதித்தால் பெரும்பாலானவர்கள் தளத்தைத் திட்டுவதில்லை, தங்களையேதான் திட்டிக்கொள்கிறார்கள். என் அம்மா ஒரு நாள் போனை நீட்டி, "படிச்சிட்டிருந்தது காணாமப் போச்சுடா" என்றார். நான் திரையைப் பார்க்கக்கூட இல்லை. "ஏதாவது அழுத்தியிருப்பீங்கம்மா" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவர் ஒன்றும் தப்பாக அழுத்தவில்லை, மூடச் சொன்ன பெட்டியை மூடினார், அவ்வளவுதான். தொழிலே இதுதான் என்று இருக்கிற நானே அப்படிச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு எங்கள் வட்டாரத்தில் மோடல் என்று பெயர். இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் மற்றதைப் பார் என்று வழிமறிக்கிற பெட்டி. வழிமறித்து நிற்கும்போது பின்னால் இருக்கிற பக்கம் அசையாமல் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். வேடிக்கை என்னவென்றால் அப்படி ஒரு விதியே எங்கும் ஒழுங்காக எழுதப்படவில்லை. ஆரம்ப காலத்தில் அலர்ட், கன்ஃபர்ம் என்று பிரவுசரே காட்டிய பெட்டிகள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. அவை வந்தால் பக்கத்தை இயக்குகிற நிரலான ஜாவாஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், நீங்கள் ஓகே சொல்லும்வரை ஒன்றும் ஓடாது. பிறகு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கொண்டுவந்த ஷோ-மோடல்-டயலாக் என்று ஒன்று இருந்தது, அதுவும் அப்படித்தான், முழுப் பக்கத்தையும் பிடித்து நிறுத்திவிடும். அதைக் குரோம் 2014இல் எடுத்துவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2017இல் எடுத்துவிட்டது. நல்லதுதான், அது ஒரு தொல்லை.

ஆனால் அதற்கு எவ்வளவோ முன்பே நாங்கள் எல்லோரும் பெட்டிகளை நாங்களே செய்துகொள்ள ஆரம்பித்துவிட்டோம். செய்வது ரொம்ப எளிது. பக்கத்தில் ஒரு துண்டை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே வை, பின்னால் கருப்பாக ஒரு மெல்லிய திரை விரி, முடிந்தது. பார்க்கிறவருக்கு அது பெட்டி. பிரவுசருக்கு அது பெட்டியே இல்லை, மேலே கிடக்கிற இன்னொரு துண்டு, அவ்வளவுதான். அதனால் நீங்கள் விரலை இழுத்தாலும் மவுஸ் சக்கரத்தைச் சுற்றினாலும், பக்கத்தைத்தான் உருட்டச் சொல்கிறார் என்று பிரவுசர் அதன்போக்கில் உருட்டுகிறது. பெட்டிக்குள்ளேயே உருட்டுகிற அளவுக்கு விஷயம் இருந்தாலும் தப்பிக்க முடியாது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்கு ஓடுவதுபோல, பெட்டிக்குள் கடைசி வரி வந்ததும் மிச்ச உருட்டல் பின்பக்கத்துக்குப் போய்விடும். விதிமுறைகளை நீளமாக எழுதி "ஏற்கிறேன்" பொத்தானைக் கடைசியில் வைத்திருக்கிற பெட்டிகளில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள், கீழே கீழே என்று தள்ளிக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் பெட்டி நிற்கும், பின்னால் மங்கலாக இருக்கிற பக்கம் ஓட ஆரம்பிக்கும்.

இதை நிறுத்தத்தான் ஆளுக்கொரு வைத்தியம். முதல் வைத்தியம், பக்கத்தின் உடலுக்கு, அதாவது பாடி என்கிற உறுப்புக்கு, ஓவர்ஃப்ளோ ஹிட்டன் என்று ஒரு வரி போடுவது. திரைக்குள் அடங்காததை மறைத்துவிடு, உருட்ட விடாதே என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லா பிரவுசர்களும் இதை ஒழுங்காகக் கேட்டன. ஐபோனில் இருக்கிற சஃபாரி பல வருஷம் இதைக் காதிலேயே வாங்கவில்லை. ஐபோனில் குரோம் போட்டுப் பார்த்தால் சரியாக வருமா என்றால் அதுவும் வராது, ஏனென்றால் ஐபோனில் குரோம், ஃபயர்பாக்ஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் உள்ளே ஓடுவது, பக்கத்தைத் திரையில் வரைகிற ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். முதலில் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17.4இலிருந்து வேறு எஞ்சினை அனுமதித்தார்கள். உதவி முகவரிக்காரர் சொன்ன "வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள்" இங்கேதான் பல்லிளிக்கிறது. என் போனில் வேறு ஐகானைத் தொடலாம், வேறு பிரவுசரைத் தொட முடியாது.

இரண்டாவது வைத்தியம், விரல் அசைவையே பிடித்துத் தடுப்பது. விரல் நகர்ந்ததும் ஜாவாஸ்கிரிப்டுக்குத் தகவல் வரும், "வேண்டாம், உருட்டாதே" என்று சொல்லிவிடலாம். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. ஆனால் இதில் ஒரு விலை இருந்தது: ஒவ்வொரு தடவை விரல் வைக்கும்போதும் பிரவுசர் "உருட்டலாமா, கூடாதா" என்று கோடிடம், அதாவது நாங்கள் எழுதிய நிரலிடம், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதனால் பக்கம் தயங்கித் தயங்கி நகரும். அதனால் 2017இல் குரோம் 56 வந்தபோது, பக்கத்தின் மேல்மட்டத்தில் இருந்து கேட்கிற கோடுகளை இனி நான் காத்திருந்து கேட்க மாட்டேன் என்று முடிவு செய்தார்கள். அடுத்த வருஷம் ஐஓஎஸ் 11.3இல் சஃபாரியும் அதையே செய்தது. எல்லோருடைய பக்கமும் வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது, எங்களுடைய தடுப்புகள் எல்லாம் ஒரே நாளில் செத்துப்போயின. வெளிப்படையாக ஒரு வார்த்தை சேர்த்தால் பழையபடி தடுக்கலாம்தான். ஆனால் பழைய தளத்தை யார் திறந்து அந்த வார்த்தையைச் சேர்ப்பார்கள்? செய்துகொடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

மூன்றாவது வைத்தியம்தான் உங்கள் தளத்தில் இருப்பது. எப்படித் தெரியும் என்றால், திறந்து பார்த்தேன். களவு ஒன்றும் இல்லை, எந்தப் பக்கத்தின் கோடையும் யார் வேண்டுமானாலும் பிரவுசரிலேயே பார்க்கலாம். ஏழே ஏழு வரி. இந்த வைத்தியம் பக்கத்தின் உடலையே ஆணி அடித்து நிறுத்துகிறது, பொசிஷன் ஃபிக்ஸ்ட் என்போம். ஆணி அடித்த பக்கத்தை ஐபோனாலும் உருட்ட முடியாது, அதுவரை சரி. ஆனால் ஆணி அடித்த நிமிஷமே பக்கத்துக்கு உயரம் என்று ஒன்று இல்லாமல் போகிறது, நீங்கள் எவ்வளவு தூரம் உருட்டி வந்தீர்கள் என்ற எண் பூஜ்யம் ஆகிவிடுகிறது. அதனால் இதைச் செய்கிறவர் மூன்று வேலை செய்தாக வேண்டும். ஆணி அடிக்கும் முன் அந்த எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். பெட்டி திறந்திருக்கும்போது பக்கத்தை அதே அளவுக்கு மேலே இழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மங்கலாகத் தெரிகிற பின்னணி மாறிவிடும். மூடியதும் ஆணியைப் பிடுங்கிவிட்டு, குறித்து வைத்த எண்ணுக்குப் பக்கத்தைத் திரும்ப உருட்ட வேண்டும்.

உங்கள் ஏழு வரியில் மூன்றும் இருக்கின்றன! அதுதான் சுவாரசியம். எழுதியவர் சோம்பேறி இல்லை, எல்லாவற்றையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எவ்வளவு தூரம் உருட்டினோம் என்ற எண்ணை அவர் பாடியிடம் கேட்கிறார். ஒரு காலத்தில் சஃபாரியிலும் குரோமிலும் அங்கேதான் கேட்க வேண்டும். ஃபயர்பாக்ஸில் கேட்டால் அது பாடிக்கு மேலே இருக்கிற எச்டிஎம்எல் உறுப்பிடம் போய்க் கேள் என்று சொல்லும். ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் பதில் என்பதால், இரண்டு இடத்திலும் கேட்டு எது பூஜ்யம் இல்லையோ அதை எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். 2017இல் குரோம் 61 ஃபயர்பாக்ஸ் வழிக்கு வந்தது, சஃபாரியும் பிறகு அந்த வழிக்கே வந்துவிட்டது. இன்றைக்கு ஒழுங்கான பக்கத்தில் பாடியிடம் கேட்டால் எந்த பிரவுசரும் பூஜ்யம் என்றுதான் சொல்லும். ஆக, உங்கள் கோடு பூஜ்யத்தைக் கவனமாகக் குறித்துக்கொள்கிறது, பெட்டி மூடியதும் கவனமாக என்னைப் பூஜ்யத்தில் கொண்டுபோய் விடுகிறது. தப்பு செய்யவே இல்லை பாவம், சொன்ன வேலையைச் செய்கிறது.

கம்ப்யூட்டரில் ஏன் இது வரவில்லை? ஏழு வரியில் முதல் வரி, பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்கிற அறிமுக வாசகத்தில் ஐபோன் என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால்தான் ஆணி, இல்லாவிட்டால் பழைய ஓவர்ஃப்ளோ வைத்தியம். அதனால் உங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்தவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். ஆண்ட்ராய்டு வைத்திருக்கிற என் தம்பிக்கும் ஒன்றும் ஆகவில்லை. "உனக்கு மட்டும்தான் இப்படியெல்லாம் வருது" என்று சிரித்தான். நியாயம்தான், இந்த எழவு ஆளைப் பார்த்துத்தான் வருகிறது.

அதே ஞாயிறு சாயங்காலம் அலுவலக லேப்டாப்பில் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். அங்கேயும் பெட்டி வந்தது. இடம் போகவில்லை, ஆனால் பெட்டி வந்த கணத்தில் முழுக் கட்டுரையும் வலது பக்கமாக ஒரு சின்னத் துள்ளு துள்ளியது, மூடியதும் இடது பக்கமாக ஒரு துள்ளு. இதுவும் பிரவுசர் வித்தியாசம்தான், சரியாகச் சொன்னால் பிரவுசரும் இயங்குதளமும் சேர்ந்த வித்தியாசம். விண்டோஸில் வலது ஓரத்தில் இருக்கிற ஸ்க்ரோல் பார் நெடுங்காலமாக 17 பிக்சல் அகலம். பக்கத்தை உருட்ட வேண்டாம் என்று சொன்னதும் அந்தப் பட்டை மறைகிறது, 17 பிக்சல் இடம் காலியாகிறது, உடனே பக்கம் அந்த இடத்துக்கும் சேர்த்துப் பரவுகிறது. நடுவில் நிறுத்தியிருக்கிற எழுத்தெல்லாம் அதில் பாதி தூரம் நகரும். வரி அகலம் மாறினால் இன்னும் மோசம், ஒரு வரியின் முதல் சொல் மேல் வரிக்கு ஏறும், அதற்கடுத்த வரியில் இருப்பது இந்த வரிக்கு ஏறும், பத்தியின் உருவமே மாறிவிடும். மேக்கில் 2011இல் வந்த லயன் பதிப்பிலிருந்து ஸ்க்ரோல் பார் பக்கத்தின் மேலேயே மிதக்கிறது, தேவைப்பட்டால் தெரியும், இல்லாவிட்டால் மறையும், இடம் பிடிக்காது. எங்கள் தொழிலில் நிறையப் பேர் மேக்கில்தான் வேலை செய்கிறோம். அதனால் இந்தத் துள்ளல் எங்கள் கண்ணில் படுவதே இல்லை, படுகிறவர்கள் அதைப் பற்றி எங்களுக்கு எழுதுவதும் இல்லை.

என் பங்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் மாதிரி இருக்கும். சில வருஷங்களுக்கு முன் ஒரு தளத்துக்கு இதே ஆணி வைத்தியத்தை நான் செய்தேன். எண்ணைச் சரியான இடத்தில்தான் கேட்டேன், சரியாகத் திருப்பி வைத்தேன், சோதித்தும் பார்த்தேன். ஒரு மாதம் கழித்துத் தளத்துக்குச் சொந்தக்காரர் கூப்பிட்டு, "பெட்டியை மூடினா பக்கம் மேலேர்ந்து சர்ருனு ஓடி வருதே, அது நீங்க வேணும்னே வெச்சதா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால், நடுவில் யாரோ ஒருவர் அழகுக்காக ஸ்க்ரோல் பிஹேவியர் ஸ்மூத் என்ற வரியைச் சேர்த்திருக்கிறார். உள்ளடக்கப் பட்டியலில் ஒரு தலைப்பைத் தொட்டால் பக்கம் மெதுவாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது. அது என் வரிக்கும் சேர்த்து வழுக்கிவிட்டது. ஒவ்வொரு தடவை பெட்டியை மூடும்போதும் வாசகர் கண் முன்னால் கட்டுரை முழுக்க லிஃப்ட் மாதிரி இறங்கிப் போயிருக்கிறது. ஒரு மாதம்! கேட்டவர் ஒருவர்தான்.

இதற்கெல்லாம் முறையான வழி ஒன்று வரட்டும் என்றுதான் டயலாக் என்கிற உறுப்பைக் கொண்டுவந்தார்கள். குரோமில் 2014இலேயே வந்துவிட்டது. ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் 2022 மார்ச்சில்தான் வந்தது. எட்டு வருஷம் அந்த உறுப்பை நம்பி யாரும் எதுவும் கட்ட முடியவில்லை. அதே 2022இல் ஆப்பிள், கூகிள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா எல்லாம் சேர்ந்து இன்டராப் என்ற பெயரில், பிரவுசருக்கு பிரவுசர் மாறுகிற விஷயங்களை ஒன்றுபோல ஆக்குவோம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள், அதில் டயலாக்கும் இருந்தது, ஸ்க்ரோலும் இருந்தது. இப்போது அந்த உறுப்பை மோடலாகத் திறந்தால், பிரவுசருக்கே இது வழிமறிக்கிற பெட்டி என்று தெரியும். பின்னால் இருக்கிற எதையும் தொட முடியாது, டேப் விசையால் அங்கே போக முடியாது, எஸ்கேப் அழுத்தினால் பெட்டி மூடும். திரையைப் பார்க்காமல் குரல் மென்பொருள் வழியாகப் படிக்கிறவர்களுக்குப் பின்பக்கம் இல்லாத மாதிரியே ஆகிவிடும். நாங்கள் கையால் செய்த பெட்டிகளில் இதில் பாதிகூட இருக்காது.

ஆனால் உருட்டல்? அது மட்டும் நிற்காது. மோடலாகத் திறந்த டயலாக்கின் பின்னால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், பக்கம் ஜாலியாக நகரும். இதைப் பிழை என்று நினைத்துப் புகார் எழுதுகிறவர்கள் நிறைய உண்டு, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அவ்வளவு கோபம் இல்லை. "இந்தப் பத்தியை நீக்கட்டுமா?" என்று ஒரு பெட்டி கேட்டால், எந்தப் பத்தி என்று கொஞ்சம் உருட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல நினைப்பது நியாயம்தானே. உருட்டலை நிறுத்துவதா வேண்டாமா என்பதைப் பக்கம் செய்கிறவரிடம் விட்டிருக்கிறார்கள். டயலாக் உறுப்புக்கான தரநிலையில் எனக்குப் பிடித்த இடம் வேறு ஒன்று. பெட்டி மூடியதும், அதைத் திறக்கும்முன் கர்சர் எந்தப் பொத்தானில் இருந்ததோ அங்கேயே திரும்ப வைக்க வேண்டும், ஆனால் அப்படி வைக்கும்போது பக்கம் உருளக் கூடாது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். வாசகரின் இடம் வாசகருடையது என்று யோசித்த யாரோ ஒருவர்தான் அந்த வரியைச் சேர்த்திருக்க வேண்டும்.

கர்சர் என்றதும் உங்கள் பெட்டியின் இன்னொரு கோளாறு நினைவுக்கு வருகிறது. மூன்றாவது தடவை, போனைக் கவிழ்த்து வைக்கும்முன், கடுப்பில், சரி மின்னஞ்சலைக் கொடுத்துத் தொலைத்தால் பெட்டி வராது என்று அந்தக் கட்டத்தைத் தொட்டேன். கீபோர்டு எழுந்தது. எழுந்ததும் ஐபோன், நான் தட்டுகிற கட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று பக்கத்தை மேலே தள்ளியது, "பதிவு செய்" பொத்தான் கீபோர்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. விரலால் பெட்டியை மேலே இழுத்தால் பின்னால் இருக்கிற பக்கம்தான் அசைகிறது. ஐபோனில் கீபோர்டு வந்தால் பக்கத்தின் கணக்கில் திரை சிறியதாவதில்லை, நாம் பார்க்கிற ஜன்னல் மட்டும் சிறியதாகிறது. ஆண்ட்ராய்டு குரோமில் முன்பு பக்கமே சுருங்கும், அதனால் பெட்டி தானாக மேலே ஏறி உட்காரும். 2022 கடைசியில் வந்த 108ஆம் பதிப்பிலிருந்து அதுவும் ஐபோன் மாதிரியே நடந்துகொள்கிறது. பழைய நடத்தை வேண்டுமானால் ஒரு வரி எழுதிக் கேட்டு வாங்கலாம். எத்தனை பேர் கேட்டு வாங்கினார்களோ!

இன்னும் ஒன்று, சுருக்கமாக. குக்கீ அனுமதி கேட்கிற பெட்டியை விளம்பரத் தடுப்பான் மறைத்துவிடும், ஆனால் அந்தப் பெட்டிக்காகப் பக்கத்தை உருட்ட விடாமல் போட்ட பூட்டு அப்படியே இருக்கும். பார்த்தால் கட்டுரை முழுசாகத் தெரிகிறது, பெட்டி எதுவும் இல்லை, ஆனால் பக்கம் பிணம் மாதிரி கிடக்கிறது, ஒரு அங்குலம் நகராது. உங்கள் தளத்தில் அதுவும் நடக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அந்த ஏழு வரியையும் நீக்கிவிடுங்கள். சரிசெய்ய வேண்டாம், நீக்குங்கள். பெட்டியை டயலாக் உறுப்பாக மாற்றுங்கள். டயலாக் திறந்திருந்தால் பக்கத்துக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் என்று சிஎஸ்எஸ்ஸிலேயே, அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற கோப்பிலேயே, எழுதிவிடலாம், அதற்கு வேண்டிய, உள்ளே இன்னது இருந்தால் என்று சொல்ல உதவுகிற ஹேஸ் என்ற தேர்வி 2023 டிசம்பரில் ஃபயர்பாக்ஸும் சேர்ந்துகொண்டதால் இப்போது எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இருக்கிறது. பெட்டி போனால் பூட்டும் தானாகப் போய்விடும், யாரும் நினைவு வைத்துத் திறக்க வேண்டியதில்லை. துள்ளலுக்கு ஸ்க்ரோல்பார் கட்டர் ஸ்டேபிள் என்று ஒரு வரி போதும், பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் இடம் அப்படியே காலியாக இருக்கும். குரோம் 2021இல் கொடுத்தது, ஃபயர்பாக்ஸ் 2022இல், சஃபாரி 2024 டிசம்பரில். பெட்டிக்குள் உருட்டியது வெளியே வழியாமல் இருக்க ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியர் கன்டெய்ன். இதற்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு, பெட்டி சிறியதாக இருந்து உள்ளே உருட்ட ஒன்றுமே இல்லாவிட்டால் இந்த வரியைக் கண்டுகொள்ளாத பிரவுசர்கள் இருக்கின்றன.

இவ்வளவு செய்தாலும் பழைய ஐபோன்களில் பெட்டிக்குப் பின்னால் பக்கம் கொஞ்சம் நகரத்தான் செய்யும். நகரட்டும், விட்டுவிடுங்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பெட்டிக்குப் பின்னால் மங்கலாக நாலு வரி நகர்ந்தால் வாசகருக்கு என்ன நஷ்டம்? பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது, செய்தவருக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சல், அவ்வளவுதான். அந்த நாலு வரியை நிறுத்தப் போய்த்தான் நாற்பது பத்தி தாண்டி வந்தவரைத் தலைப்பில் கொண்டுபோய் விடுகிறோம். எங்கள் தொழிலில் இந்த எடை போடுதல் தலைகீழாக இருக்கிறது. பின்னணி நகர்வது எங்கள் கண்ணுக்கு உறுத்துகிறது, ஏனென்றால் நாங்கள் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வாசகர் பெட்டியைப் பார்ப்பதில்லை, அதன் பின்னால் விட்ட வரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உங்களுக்கும் சந்தாதாரர்கள் வேண்டும், புரிகிறது. ஆனால் கட்டுரையின் முக்கால்வாசியில் ஏன்? முடிவில் வைத்தால் உருட்டலைப் பூட்டவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம், அது ஒரு சாதாரணப் பத்தி மாதிரி இருந்துவிட்டுப் போகும். முழுசாகப் படித்து முடித்தவர்தான் செய்திமடல் கேட்கவும் வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம், வியாபாரம் உங்களுக்குத்தான் தெரியும்.

உதவி முகவரியில் பதில் எழுதியவரைக் கோபிக்க வேண்டாம். அவர் கையில் கொடுத்த பதிலைத்தான் அவர் அனுப்பியிருப்பார், என் அம்மாவுக்கு நான் சொன்ன பதிலைவிட அது எவ்வளவோ மரியாதையாக இருந்தது. ஏழு வரி எந்தக் கோப்பில் எங்கே இருக்கிறது என்பதை அவருக்கே தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன், தளத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

தொடரின் மூன்றாம் பகுதி வருகிற ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். அதே போனில்தான் படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்